மொட்டை மாப்பிள்ளையும் மூழ்கின கப்பலும்

சதாபிஷேகத்துக்கு அம்மா நாள் பார்க்க ஆரம்பித்ததும் அப்பாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. மற்றதெல்லாம் கேட்கும். அடுக்களையில் பப்படம் பொரிகிற சத்தம் கேட்கும். தெருமுனையில் மீன்கார சேட்டன் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிற அளவுக்குக் கேட்கும். சதாபிஷேகம் என்கிற ஒரு சொல் மட்டும் காதில் ஏறாது.

எண்பது தாண்டினவர், ஆயிரம் பிறை கண்டவர், மறுபடி மாப்பிள்ளையாக மணையில் உட்கார்ந்து அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டுகிற விழா அது. சின்னவர்கள் எல்லாம் வரிசையாக வந்து காலில் விழுவார்கள், இலை போட்டுப் பாயசம் உண்டு. இதை எவனாவது வேண்டாம் என்பானா? எங்கப்பா சொன்னார். அம்மா விடாமல் நச்சரித்ததும் ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் டிஸ்ட்ராயர் என்கிற போர்க்கப்பலில் இருந்தாரே, எப்போது சேர்ந்தார், எப்போது லீவில் இங்கே மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தார் என்று நான் கண்டுபிடித்துத் தர வேண்டும். அதற்கப்புறம் பார்க்கலாம்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் செத்தவர்களின் பேப்பரைப் புரட்டிவிட்டு இப்போதுதான் ரிட்டயர் ஆகி, மத்தியானம் காலை நீட்டிப் படுக்கிறேன். அது பொறுக்கவில்லை இவருக்கு.

தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த சரித்திரம் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. பிரிட்டிஷ்காரனின் டிஸ்ட்ராயரில் வயர்லெஸ் ஆபரேட்டர். திரும்பி வந்த பிறகு கப்பல் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாராம். அப்பாவுக்கு ஒன்பது பத்து வயசு ஆனபோது காலமாகிவிட்டார். அந்தக் கப்பலிலும் ஆசாரம் தப்பாமல் தயிர்சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் மட்டும்தான் சாப்பிட்டார் என்று சொந்தக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். டிஸ்ட்ராயரில் பசுவை எங்கே கட்டியிருந்தார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"இந்த வயசில் உங்களுக்கு எதுக்கு அப்பா அவர் லீவுக் கணக்கு?" என்று நான் சத்தம் போட்டேன். அப்பா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பழைய பஞ்சாங்கக் கட்டுக்கு அடியிலிருந்து, கண்ணாடி போட்ட ஒரு ஃபோட்டோவை உருவி என் மடியில் வைத்தார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவள் நான், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஸ்டுடியோவில் எடுத்த கல்யாண ஃபோட்டோ. கழுத்து நிறைய மாலையோடு தாத்தா, பக்கத்தில் அப்பாவின் அம்மா. மாப்பிள்ளையின் தலை மழமழவென்று மொட்டை, பின்னால் பேருக்கு ஒரு கொத்துக் குடுமி. மொட்டை மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை, சிரித்துவிட்டேன். அதைவிட வேடிக்கை, அவர் மடியில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு ஒரு குழந்தை.

"அது நான்" என்றார் அப்பா.

எழுபது வருஷமாக அவர் மனசில் வைத்துப் புழுங்கினது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவருடைய அம்மாவின் முகம் அவருக்கு நினைவில் இல்லை, அவர் நடை பழகுவதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். வளர்த்தது அத்தை, தாத்தாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் அலமாரியைக் குடைந்து இந்த ஃபோட்டோவை எடுத்து, கல்யாணத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அத்தை வாயிலேயே ஒரு அடி போட்டாளாம். அடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாளாம். மொட்டை எதற்கு என்று கேட்டதற்கு மட்டும், கப்பலில் பேன் பிடித்துவிட்டது என்றாளாம். அப்பா தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே பிறந்த பிள்ளை.

"சதாபிஷேகத்தில் சங்கல்பம் பண்ணும்போது கோத்திரம் சொல்லணும். அப்பா, தாத்தான்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். நான் எந்த வாயால கூப்பிடறது, சொல்லு?"

உபநயனத்திலும் சொன்னீர்கள், உங்கள் கல்யாணத்திலும் சொன்னீர்கள், என் கல்யாணத்தில் மைக்கில் சொன்னீர்களே என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்துதான் சொன்னாராம். கடைசிக் காலத்தில் இன்னொரு தடவை பொய் சொல்ல மாட்டாராம். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். யார் மேல் காட்டுவது? எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவின் கணக்கு சுலபமானது. அவர் பிறப்பதற்கு முன்னால் தாத்தா லீவில் வந்திருந்தால், அப்போதே கல்யாணம் நடந்து, ஃபோட்டோ மட்டும் பிற்பாடு எடுத்ததாக இருக்கலாம். வராவிட்டால் இல்லை.

சரி என்று இறங்கினேன். காயல் தண்ணீரைத் தாண்டினால் அந்தப் பக்கம் இத்தனை பெரிய கடற்படைத் தளம் இருக்கிறதே என்று அங்கே கேட்டால், பிரிட்டிஷ் கப்பலின் பேப்பரெல்லாம் இங்கிலாந்தில்தான் இருக்கும் அம்மா என்று மரியாதையாகச் சொன்னார்கள். அப்புறம் இன்டர்நெட். பழைய போர்க்கப்பல் என்றால் பைத்தியமாக அலைகிற மனுஷர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களோடு நானும் ஒரு பைத்தியமானேன். எந்த டிஸ்ட்ராயருக்கு எத்தனை டார்பிடோ குழாய் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். எர்ணாகுளத்துக்குப் போகிற படகில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாளுக்கு நீர்மூழ்கியை எப்படித் துரத்துவார்கள் என்று விளக்கினேன், அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். புளி கரைக்கச் சொன்னால் பீரங்கியைப் பற்றிப் பேசுகிறாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் புலம்பினாள்.

கடைசியில் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கிடைத்தாள். அவளுடைய அப்பா தாத்தா இருந்த அதே கப்பலில் சமையல்காரர். கப்பலில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது, சந்தோஷம் பொங்குகிற பதில். யுத்தத்தில் அந்தக் கப்பல் மூழ்கிப்போயிற்றாம், அப்போது இறந்தவர்கள் கணக்கில் என் தாத்தாவையும் சேர்த்திருந்தார்களாம், வீட்டுக்குத் தந்தியும் போயிருக்குமாம். ஆனால் கவலைப்படாதே, ஒரு சரக்குக் கப்பல் அவரைப் பொறுக்கி எடுத்து எங்கேயோ தூர தேசத்துத் துறைமுகத்தில் இறக்கியிருக்கிறது, மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார், பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்து அந்தக் கணக்கிலிருந்து பேரை அடித்திருக்கிறார்கள், உன் தாத்தா பிழைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

நன்றி, அவர் பிழைத்தது தெரியும், பிற்பாடு வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு என் அப்பாவின் காதைத் திருகியிருக்கிறார் என்று பதில் போட்டேன். லீவைப் பற்றி அவளிடம் ஒரு துரும்பும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ஒண்ணும் கிடைக்கலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

அம்மா இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. நாள் குறிக்க எர்ணாகுளத்திலிருந்து புரோகித வாத்தியாரை வரச் சொல்லிவிட்டாள். நாற்பது வயசு வாத்தியார், கையில் ஸ்மார்ட் வாட்ச், ஒரு நாளைக்கு மூன்று வீடு ஓடுகிறவர். அப்பா உள்ளே செவிடாகப் படுத்திருந்தார். அம்மா காப்பி கலந்துகொண்டு வருகிற வரைக்கும் பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, எங்கள் தாத்தாவை நேவிக்காரன் கொன்றுவிட்டுப் பிறகு உயிரோடு கொடுத்த கதையைச் சொன்னேன். தந்தி அடிக்கிற உத்தியோகக்காரரைப் பற்றியே தவறான தந்தி, பார்த்தீர்களா என்று நானே சிரித்தேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. வந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"தந்தி வந்ததும் காரியம் பண்ணிட்டாளோ?"

பண்ணாமல் இருப்பார்களா? கரண்ட் பில் வந்த அன்றைக்கே கட்டுகிற குடும்பம் எங்களுடையது. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் ஒரு பொம்மை செய்து அதைத் தகனம் பண்ணி, பன்னிரண்டு நாள் காரியத்தையும் முடித்துவிடுவார்கள் என்று வாத்தியாரே சொன்னார். அவசரப்படாமல் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றுதான் சாஸ்திரமாம். ஆனால் சர்க்கார் தந்தியே சொல்லிவிட்டால் யார் காத்திருக்கப் போகிறார்கள்? அப்படிக் காரியம் முடிந்த பிறகு அந்த மனுஷன் வாசலில் வந்து நின்றால் அவனை அப்படியே உள்ளே விட முடியாது. செத்துப்போனவன் அவன். மறுபடி பிறக்க வேண்டும். புதுக் குழந்தைக்குப் பண்ணுகிற ஜாதகர்மம், நாமகரணம் எல்லாம் பண்ணி, தலையை மழித்துப் பூணூல் போட்டு, அப்புறம் அதே பெண்டாட்டியை மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும். புஸ்தகத்தில் படித்திருக்கிறாராம், பண்ணி வைத்தது கிடையாதாம். பண்ணின வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவே கூடாது என்பார்களாம். புதுசாகப் பிறந்தவனைப் பார்த்து நீ செத்தாய் என்று சொன்னால், யமனை மறுபடி கூப்பிடுகிற மாதிரி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. காது கேட்காத அப்பா ஃபோட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். வாத்தியார் அதை வாங்கிப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"மாமா, இது கல்யாண ஃபோட்டோதான். ஆனா ரெண்டாவது கல்யாணம். முதல் கல்யாணம் நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே ஆயாச்சு. முதல்ல ஆனாத்தானே மறுபடி பண்ண முடியும்?"

அத்தை வாயில் அடித்ததற்கு அன்றைக்குத்தான் அப்பாவுக்கு அர்த்தம் கிடைத்தது. பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அப்படின்னா எங்கப்பா என்னைவிட வயசில சின்னவன்! என் காதைத் திருகினானே படவா!" அம்மாவும் சிரித்தாள், வாத்தியாரும் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நாளைக் குறித்துக்கொடுத்துவிட்டு வாத்தியார் படகுக்கு ஓடினார்.

அவர் போன பிறகும் அப்பா ஃபோட்டோவைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, சின்னவனை நன்றாகப் பார்க்கிறேன் என்று மொட்டையைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடி மெல்லப் பக்கத்தில் நகர்ந்தது.

"இங்கே வாடீ" என்று கூப்பிட்டார்.

போனேன். அவர் விரல் அவருடைய அம்மாவின் மேல் இருந்தது. மொட்டையையும் குழந்தையையும் பார்த்துப் பார்த்து, இவளை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பை நெற்றிவரை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். எங்களில் எந்தக் கல்யாணப் பெண்ணும் முக்காடு போட மாட்டாள். அது விதவைக்கு. அந்தக் காலத்தில் புருஷன் செத்தால் பத்தாம் நாள் பெண்டாட்டியின் தலையை மழித்துவிடுவார்கள். தந்தி வந்த பிறகு காரியத்தில் ஒரு குறையும் வைக்காத குடும்பம், இதை மட்டும் விட்டிருக்குமா? பாவிகள். புருஷன் உயிரோடு எங்கேயோ கட்டிலில் கிடந்த மாசங்களில் இவள் மொட்டைத் தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"பூவைப் பாரு" என்றார் அப்பா.

பூ இருந்தது. கல்யாணப் பெண் ஆயிற்றே. முக்காட்டுக்கு மேலேயே, காதுக்குப் பின்னால், ஒரு முழம் மல்லிகையைப் புடவையில் ஊசியால் குத்தியிருந்தார்கள்.

"தலையில வெச்சுக்க மயிர் இல்லை எங்கம்மாவுக்கு. துணியில குத்திண்டு நிக்கறா" என்று சொல்லிவிட்டு, ஃபோட்டோவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அப்பா குழந்தை மாதிரி அழுதார். அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.