உயிர் நண்டு வண்டி சுப்பராயன்

மறுபடியும் வண்டி மணலில் நின்றபோது சுப்பராயன் எஞ்சினைப் பார்க்கவில்லை, முதலில் திரும்பிக் கூடைகளைத்தான் பார்த்தான். பின்னால் கட்டியிருந்த கூடைகளில் உயிர் நண்டு. பெயருக்கு ஏற்றபடி உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் காசு. செத்த நண்டை வியாபாரி ஜலாலுதீன் பாய் காலால்கூடத் தொடமாட்டார். தார்ச்சாலை முனையில் அவருடைய டெம்போ காத்திருந்தது. "இன்னிக்கும் லேட்டாச்சுன்னா நாளையிலேந்து டிராக்டர் வெச்சிக்கிறேன்" என்று நேற்றே சொல்லிவிட்டார்.

பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும், தடித்த டயர் போட்ட அந்த நாலு சக்கர வண்டி முன்பு எங்கோ ஒரு கடற்கரை விடுதியில் ஊர் சுற்ற வந்தவர்களைச் சுமந்தது. விடுதியை மூடியதும் காயலான் கடைக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் கரண்ட் வெட்டைக் காட்டி ஆளைக் குறைத்தபோது, கணக்கு முடித்துக் கையில் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் சுப்பராயன் இதில் போட்டான். மணலில் லாரி புதையும், சைக்கிள் புதையும், இது புதையாது. அதுதான் அவன் பிழைப்பு.

"இன்னாண்ணா, மாமியார் ஊட்டுக்குப் போற மருமவ மாரி அடிக்கொரு தரம் குந்திக்குதே உன் வண்டி?" என்றாள் கங்கம்மா. நண்டு அவளுடையது. கூடைமேல் போட்ட ஈரச்சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

"வாய மூடுமே. நானே பேஜார்ல கீறேன்."

பிளக்கைக் கழற்றினான். காய்ந்து கிடந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தான். சொட்டுப் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் வந்து விழும் துளையில் அடைப்பு என்று வாயை வைத்து ஊதினான், பெட்ரோல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. நேற்றும் இதைத்தான் செய்தான், முந்தாநாளும் இதைத்தான். ஒவ்வொரு தடவையும் ஊதி மாட்டிவிட்டு, டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுப்பான். வண்டி கிளம்பும். கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இந்தத் தடவை மாட்டிவிட்டு, டாங்கியைத் திறக்காமல் நேராகக் கயிற்றை இழுத்தான். கிளம்பவில்லை. உள்ளங்கை கொப்புளம் உடைகிறவரை இழுத்தான். ம்ஹூம்.

"ரெண்டு நண்டு காலு தொங்கிப்போச்சுண்ணா" என்றாள் கங்கம்மா. இப்போது குரலில் கேலி இல்லை.

வேறு வழி தெரியாமல் டாங்கி மூடியைத் திருகினான். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. கயிற்றை இழுத்தான், ஒரே இழுப்பில் வண்டி உறுமியது. சுப்பராயன் மூடியும் கையுமாக அப்படியே நின்றான். மூடியின் நடுவே காற்று போக ஊசித்துளை ஒன்று உண்டு. அதைக் காணோம். அது இருந்த இடத்தில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது, அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு அவன் கையால் வைத்தது. மில்லில் மெஷினுக்கு மெஷின் சந்தனம் அப்பிய கை. வண்டிக்கு நெற்றி எது என்று யோசித்து, மூடிதான் நெற்றி என்று மூன்று விரலால் வழித்துப் பூசியிருந்தான். மூச்சுவிடும் மூக்கு அதுதான் என்று யாருக்குத் தெரியும்? மேலே காற்று புகாமல் கீழே பெட்ரோல் எப்படி இறங்கும்?

"ஊக்கு இருக்குதா?"

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கங்கம்மா கழற்றிக் கொடுத்தாள். குத்திக் குத்தித் துளையை எடுத்தான். அதன்பிறகு வண்டி நிற்கவே இல்லை.

ஜலாலுதீன் பாய் கூடையைப் பிரித்து ஒவ்வொரு நண்டின் கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணை உள்ளிழுத்த உயிர் நண்டு ஒரு பக்கம், இழுக்காத செத்த நண்டு மறுபக்கம். இழுக்காத குவியல் ஏறிக்கொண்டே போனது.

"பாய், கோளாறு இன்னான்னு கண்டுபுடிச்சிட்டேன் பாய். இனிமே நிக்காது."

"நேத்தும் இத்தான் சொன்ன. முந்தாநேத்தும் இத்தான் சொன்ன."

"இல்ல பாய், இது நெசமாலுமே..."

"அப்போ அதெல்லாம் பொய்யா?"

சுப்பராயன் டாங்கி மூடியைத் தடவினான். அன்றைக்கும் அவன் பொய் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது?

கங்கம்மா செத்த நண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டே சொன்னாள்: "டிராக்டரு படகாண்ட வருமா பாய்? மேட்டுலயே நின்னுக்கும். கூடைய எங்க தலையிலதான ஏத்துவ? செத்தது என் நண்டு. நானே சும்மா கீறேன்."

பாய் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். நின்னுச்சுன்னா அத்தோட சரி."

திரும்பும் வழியெல்லாம் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. சுப்பராயனுக்குத்தான் அந்தச் சத்தத்தில் நம்பிக்கை வரவில்லை. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை மூடியில். வீட்டு வாசலுக்கு வந்தும் இறங்கவில்லை.

"வண்டிய அணைச்சிட்டு சோறு துன்ன வாய்யா" என்று உள்ளிருந்து மனைவி கத்தினாள்.

அணைத்தால் மறுபடி கிளம்புமா? அவன் அணைக்கவில்லை. நாளைக்கு வேண்டிய பெட்ரோல் எரிகிறது என்று தெரிந்தும், சாவியில் கையை வைத்தபடி, ஓடுகிற வண்டிமேல் உட்கார்ந்தே இருந்தான்.