வயிறு காயட்டும் என்றேன்

உனக்கு எதற்கு இந்தக் கதை? வீட்டில் வேலை இல்லையா? அடுத்தவர் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதற்கென்றே டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாய். சரி, கேட்டுத் தொலை.

என் மருமகள் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு லாரி ஓட்டம். வீட்டில் நாங்கள் இருவர்தான். மழைக்காலம் முழுக்க அவளுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

“ஏனுங்கத்தை, வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க” என்பாள். ஏப்பம், உப்புசம். வெளிக்குப் போயும் நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். எஸ்டேட்டில் கொழுந்து பறித்த காலத்தில் வயிறு மந்தமென்றால் காயப்போட்டுவிடுவோம்.

“ரெண்டு வேளைக்கு ஒண்ணும் திங்காதே அம்மிணி. சுக்குத்தண்ணி மட்டும் குடி.”

எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசுகிறவள், பட்டினி என்றால் மட்டும் பவ்யமாகத் தலையாட்டினாள். வாரத்துக்கு இரண்டு முறை இதே வைத்தியம். இவ்வளவு நல்ல மருமகளா என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடலேற்றமாக இருக்கும் என்று பாயில் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தடவி நீவிவிட உட்கார்ந்தேன். ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர். தூக்கினால் வயிறு மட்டும் உப்பியிருக்கிறது; அதற்கு மேலே விலா எலும்புகள். இந்தக் குளிரில் எல்லோரும் மூட்டையாகத்தானே திரிகிறோம், யார் கண்டது?

“எப்பிருந்து புள்ள இப்படி?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துங்க.”

யாரோ குண்டு என்றார்களாம். சோற்றைக் குறைத்தாளாம். பிறகு சாப்பிட நினைத்தாலும் பயம் விடவில்லை என்று அழுதாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தேன். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குன்னூரில் டாக்டரம்மா சொன்னார்: “ரொம்ப நாள் சரியா சாப்பிடாததால வயிறு மெதுவாயிடுச்சு. சாப்பிட்டாத்தான் பழையபடி வேலை செய்யும். கொஞ்சங்கொஞ்சமா, நேரம் தவறாம. மனசுக்கும் வைத்தியம் வேணும்.”

“பட்டினி போட்டது நானுங்க.”

“இனிமே போடாதீங்க.”

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போது லீவு போட்டிருக்கிறாள். நாளுக்கு ஆறு தடவை கிண்ணத்தோடு எதிரே உட்காருகிறேன். அரைக் கிண்ணம் கஞ்சிக்கு ஒரு மணி நேரம். உப்புசம் இன்னும் விடவில்லை. சில வேளை கிண்ணம் அப்படியே திரும்புகிறது. அவளும் ஓய்ந்துபோனாள், நானும்தான்.

நேற்று தண்ணீர்க் குழாயடியில் அக்கம்பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். “வயிறு தெரியுதே, முழுகாம இருக்காளுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. சோறு எறங்காத நோவு, வைத்தியம் பாத்துட்டிருக்கோம். வயித்தப் பாக்கோணும்னா எம்பட வயித்தப் பாருங்க, நல்லாப் பெருசு. அவகிட்ட மட்டும் எளச்சுட்டே, பெருத்துட்டேன்னு ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க” என்றேன்.