வாஷிப் பாலத்தில் உருகிய ஐஸ்

போன வாரம் செம்பூர் மருந்துக்கடையில் கணவரின் கல்லீரலுக்கு மாத்திரை வாங்கினேன். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். இந்தச் சரக்கை ஒரு காலத்தில் மீன்கூடைக்குள் வைத்துக் கொண்டுபோனவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது தாராவியிலிருந்து நவி மும்பை ஐரோலிக்கு வேலைக்குப் போய்வந்தேன். சின்ன கம்பெனி. ஈஸ்ட் வளர்ப்பது என் வேலை. ரொட்டிக்குப் போடுவார்களே, அதேதான். அதற்கு மெத்தியோனின் என்ற வெள்ளைப் பொடியைத் தீனியாகக் கொடுப்போம். ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரு நொதி, அதைச் செல்லின் எரிபொருளான ஏடிபியோடு ஒட்டி, நாங்கள் 'சாம்' என்று கூப்பிட்ட பொருளாக்கிவிடும். மெத்தில் என்ற சிறு துணுக்கை, வேண்டிய மூலக்கூறுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பதுதான் சாமின் பிழைப்பு. தங்கமான குணம். ஆனால் சூடு தாங்காது, உடைந்துவிடும்.

பொடியின் வாசனையோ அழுகிய முட்டைக்கோஸ். என் துணியை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பாள். "ஏட்டி, நீ மருந்து செய்தியா, சாக்கடை அள்ளுதியா?" என்பாள்.

ஒரு மே மாதம் எங்கள் சோதனை இயந்திரம் படுத்துவிட்டது. செம்பூரில் ஒரு லேபில் சோதித்து அன்றே நல்ல முடிவு சொன்னால்தான் முதலாளி வேலையைத் தொடர விடுவார். மேலாளர் கிருஷ்ணன் சார் மாட்டுங்கா ஐயர். சாம் இருந்த இரண்டு சோதனைக் குழாய்களை ஐஸ் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். "ஐஸ் கரைஞ்சுதுன்னா நேரா ஆத்துக்குப் போயிடு. இங்க வரவேண்டாம்" என்றார்.

வாஷியில் வண்டி மாறினேன். பெண்கள் பெட்டியில் ஏறியதும் சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். வண்டி கிளம்புமுன் இறங்கி, மீன்காரிகள் ஏறும் சாமான் பெட்டிக்கு ஓடினேன். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. கடற்கழியைத் தாண்டும் வாஷிப் பாலத்தின் நடுவே வண்டி நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தம். அழுகை வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த மீன்காரி, டப்பாவுக்குள் என்ன செத்துக் கிடக்கிறது என்று இந்தியில் கேட்டார். மருந்து என்றேன், கல்லீரலுக்கு என்றேன். அவர் புருஷனுக்கும் கல்லீரல்தானாம். மேலே பேசாமல் கூடையின் சாக்கை விலக்கி, இரண்டு பாப்லெட் மீன்களுக்கு நடுவே ஐஸில் என் குழாய்களைச் செருகினார். செம்பூர் வந்ததும் டப்பா நிறைய மீன் ஐஸ் போட்டுக் கொடுத்தார். மருந்து வாசனை மீனில் ஏறியிருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

லேபில் குழாயிலிருந்து ஒரு செதிலை உரித்தெடுத்துவிட்டுத்தான் சோதித்தார்கள். சாம் உடையவில்லை, அளவும் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"ரிசல்ட் மட்டும் ரிப்போர்ட்ல எழுது. மத்ததை எழுதாதே. நான் சைவம்."

வேலை தொடர்ந்தது. சில வருஷம் கழித்துக் கம்பெனியையே மூடினார்கள். மின்சாரத்தைத் துண்டித்த அன்று, எங்கள் ஈஸ்ட் உறைந்து கிடந்த குளிர்பெட்டியும் அணைந்துபோனது. உருகிச் செத்த அந்த ஈஸ்ட் வகை வேறு யாரிடமும் இல்லை. இப்போது அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடம். ஒருநாள் சும்மா வாசல்வரை போனேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி மரியாதையாகத்தான் கேட்டார். சொல்ல எனக்கு ஒரு பெயரும் இல்லை.