அட்டை அடிக்கும் தர்மன் ஹார்ப்ஸிகார்டு வாசித்தது

1971 தொடங்கியபோது தர்மனுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குள் அவர் கையால் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தன. டிசைன்காரர் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பதைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு துளையாக அட்டையில் அடித்துத் தருவது அவர் தொழில். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறைக் கடை. அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் மாட்டினால் புடவைக் கரையில் மயில் விழும். ஒரு துளை கூடினால் மயிலின் கழுத்து கோணிப்போகும். தாளில் இல்லாத துளையை அவர் அடித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கால் ஹார்மோனியம் வாசிப்பார். பக்கத்தில் நின்று வயலின் வாசிப்பவர் மனைவி சம்பூர்ணம். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வயலின் கற்றவர்.

ஜனவரியில் சென்னையிலிருந்து ஓர் இசைச் சங்கத்தின் கடிதம் வந்தது. ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஒரு ஹார்ப்ஸிகார்டு வந்திருக்கிறது. பியானோவின் அக்கா மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே சுத்தியல் கிடையாது, கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியை மீட்டிவிடும். அதை வைத்து எட்டுப் பேர் கொண்ட குழு அமைக்கிறார்கள். ஒரு வயலின் இடம் மட்டும் காலி. விரும்புகிறவர்கள் மார்ச் 20 அன்று, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய சொனாட்டா ஒன்றை, அதாவது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசையை, வாசித்துக் காட்ட வேண்டும். ஹார்ப்ஸிகார்டு வாசிக்கும் ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும்.

"நீங்கதான் வாசிக்கணும்" என்றார் சம்பூர்ணம்.

"நானா? அந்தப் பொட்டிய நான் கண்ணால பாத்ததுகூட இல்ல."

"கட்டை இருக்குது, உங்களுக்குக் கை இருக்குது. அப்புறம் இன்னா? ஒம்போது வருஷமா நாலு பேரு பாடுறதுக்குப் பின்னால வாசிச்சிக்கினு இருக்கேன். இது வயலினுக்குன்னே எழுதினதுங்க. இத விட்டா எனக்கு வேற வராது."

தர்மன் ஒப்புக்கொண்டார்.

கடிதத்தோடு வந்த தாளில் மேல்வரி வயலினுக்கு. கீழ்வரி அவருக்கு, இடது கைக்கு ஒற்றைச் சுரங்கள் மட்டும். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நாலு சுரம் அடுக்கடுக்காக எழுதியிருக்கும். இங்கே ஒரு சுரம், அதன் அடியில் ஓர் எண்: 6, 7, சில இடங்களில் 4. தர்மன் தயங்கவில்லை. டிசைன் தாளில் வரிசையின் ஓரத்தில் 6 என்று இருந்தால் அந்த வரிசைக்கு ஆறு அட்டை அடிக்க வேண்டும். ஆகவே இந்தச் சுரத்தையும் ஆறு தடவை அடிக்க வேண்டும்.

மூன்று வாரம் தேவாலயத்து ஹார்மோனியத்தில் அப்படியே வாசித்தார்கள். ஒரு தாளத்துக்குள் ஆறு அடியைத் திணிக்கத் தர்மனின் விரல்கள் பறந்தன. பழைய காலத்துச் சங்கீதம் இப்படித்தான் இருக்கும்போல என்று சம்பூர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே ஓடினார். தேவாலயத்துப் பக்கமாகப் போன நெசவுக்காரர் கண்ணாயிரம் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா தர்மா, உள்ள தறி போட்டுக்கினியா? தடதடன்னு கேக்குது. அது இருக்கட்டும், என் கரை அட்டை இன்னா ஆச்சுப்பா?"

ஐந்து இடங்களில் 6-க்குப் பக்கத்தில் ஒரு ஷார்ப் குறி இருந்தது. சுரத்தை அரைப்படி ஏற்றச் சொல்லும் குறி. பிரதி எடுத்தவர் கைதவறிப் போட்டது என்று தர்மன் விட்டிருந்தார். ஆனால் ஒரே பிழையை ஐந்து இடத்தில் யார் செய்வார்கள்? ஆறு தடவையை எப்படி அரைப்படி ஏற்றுவது? சங்கத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டார்.

மார்ச் 9 அன்று பதில் வந்தது. அந்த எண் தடவைக் கணக்கு அல்ல. கீழ்ச் சுரத்திலிருந்து மேலே ஆறாவது சுரத்தைச் சேர்க்கச் சொல்வது. கூட வரும் மற்றச் சுரங்களையும், அவற்றை எப்படிப் பிரித்து வாசிப்பது என்பதையும் வாசிப்பவரே அந்த நேரத்தில் முடிவு செய்துகொள்வார்.

"எழுதாதத எப்படி வாசிக்கிறது?" தர்மனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு மாதிரி வாசிப்பாங்களாம். அப்ப எதுதான் சரி?"

"என் வயலினோட சேந்தா சரி."

"பதினோரு நாள்தான் இருக்குது."

"அப்ப பேசிக்கினு இருக்காதீங்க."

கட்டத் தாளை எடுத்தார். ஒரு கட்டைக்கு ஒரு நெடுவரி, ஒரு தாளத்துக்கு ஒரு குறுக்குவரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பொருந்தும் சுரக்கூட்டை ஞானப்பாட்டுப் புத்தகத்தில் தேடித் தேடிக் கட்டங்களை நிரப்பினார். மூன்று நாளில் முந்நூற்று நாற்பது வரி. மீதி எட்டு நாளும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒத்திகை. தேர்தல் வெற்றிக்குக் கட்டிய ஒலிபெருக்கி தெருமுனையில் அலறியபோதும் நிறுத்தவில்லை.

"இருபதுக்கு அப்புறம்தான் அட்டை. அவசரம்னா வேற ஆள் கிட்ட குடு" என்று கண்ணாயிரத்திடம் சொல்லிவிட்டார்.

"வேற ஆளு அடிச்சா மயிலு கொக்காயிடும்பா" என்று கண்ணாயிரம் காத்திருந்தார்.

சென்னையில் ஹார்ப்ஸிகார்டைப் பார்த்ததும் தர்மனுக்குக் கை நின்றது. வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டைகள் கறுப்பு. கறுப்பாக இருக்க வேண்டியவை வெள்ளை. பழகிக்கொள்ளப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நிறத்தைச் சமாளித்தார். சமாளிக்க முடியாதது ஒலி. ஹார்மோனியத்தில் அழுத்திய சுரம் கையை எடுக்கும்வரை நிற்கும். இங்கே மீட்டியதும் தேய்ந்துவிட்டது. முதல் பகுதி முழுக்க வயலினுக்கு அடியில் ஓட்டை ஓட்டையாக மௌனம். தேர்வாளர் மூன்று பேரில் ஒருவர் பேனாவை மூடிவிட்டார்.

சம்பூர்ணம் வயலின் தந்தியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். "தாளைப் பாக்காதீங்க. என் வில்லைப் பாருங்க."

தர்மன் கட்டத் தாளைக் கவிழ்த்தார். அடுத்தது மெதுவான பகுதி. வில் நீண்டு போனபோது சுரக்கூட்டை ஒரே அடியாக அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து உதிர்த்தார். தேய்வதற்குள் அடுத்தது விழுந்தது. வில் திரும்பும் இடத்தில் மேலே இரண்டு சுரம் கூட்டினார். இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. சம்பூர்ணம் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. கடைசிப் பகுதியில் இருவரும் ஒன்றாகவே போய் முடித்தார்கள்.

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. வயலின் இடம் சம்பூர்ணத்துக்கு. குழுவில் ஹார்ப்ஸிகார்டு வாசிக்க ஏற்கெனவே ஆள் இருப்பதால் கணவர் வரத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது. முதல் ஒத்திகை ஏப்ரல் 3, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சம்பூர்ணம் ஆறு மணி பஸ்ஸில் கிளம்புகிறார்.