இரண்டு குமிழ் வைத்த கியர்

படியில் கால் வைக்குமுன் "இறங்குறேன்!" என்று ஒரு சத்தம். மொத்தமே மூன்று படி. கீழே வண்டிக் கொட்டகையில் ஆள் யாரும் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் அவர் எதையும் செய்யமாட்டார். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் நிற்பவருக்கும் மோட்டார் அறையில் இருப்பவருக்கும் நடுவே பத்து மாடி. குரல் கொடுக்காமல் மேலே ஸ்விட்சைத் தொட்டால் கீழே ஓர் ஆள் போய்விடுவான். வேலை ஓய்ந்துவிட்டது, தொண்டை ஓயவில்லை. தெருவுக்கே அவர் 'லிஃப்ட்காரர்'தான்.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் அளவுகோல். கழற்றிய திருகுகளைப் பழைய செய்தித்தாளில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். பக்கத்தில் யாராவது தும்மினால் முறைப்பார். பென்சில் கோட்டில் நம்பிக்கையில்லை. ஆணியால் கீறினால்தான் அளவு.

வண்டி ஒரு மோட்டார் சைக்கிள், அவரைவிட வயதில் மூத்தது. இடப்பக்கம் சைடுகார். கிளட்ச் இடது காலுக்கு. கியர், டேங்குக்குப் பக்கத்தில் நிற்கும் கைக் கம்பி. கல்யாணமான புதிதில் மனைவியை சைடுகாரில் உட்காரவைத்து ஊர் சுற்றக் கிளம்பினார். திரும்பி வந்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "மூட்டையை ஏத்துற மாதிரி ஏத்திட்டுப் போறீங்க. எனக்கும் ஒரு வேலை குடுங்க."

கொடுத்தார். கம்பியை ஒரு சாண் நீட்டி, இடப்பக்கம் வளைத்து, நுனிக் குமிழ் அந்த அம்மாளின் கைக்கு வரும்படி செய்தார். அன்றிலிருந்து இவர் கிளட்சை மிதித்து "ரெண்டு!" என்று கத்துவார். அந்த அம்மாள் கியரைத் தள்ளுவார்.

"கத்தாதீங்க. நான் என்ன பத்தாவது மாடியிலயா இருக்கேன்?"

இருபத்தொன்பது வருஷம் அதே கத்தல், அதே பதில். ஒருமுறை ஏதோ கோபம். 'மூணு!' என்று இவர் தொண்டை கிழியக் கத்தியும், வீடு வந்து சேரும்வரை அந்த அம்மாள் இரண்டாவது கியரைவிட்டு நகரவில்லை. இதை லிஃப்ட்காரர் பார்ப்பவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பதினொரு மாதம். வண்டியைத் தொடவில்லை. கியர்பாக்ஸில் தண்ணீர் இறங்கிப் பற்களைத் துரு தின்றுவிட்டது. அவரும் வெளியே போகவில்லை. கேட்டால் "எதுல போறது?" என்பார். பஸ் வாசலிலேயே நிற்கும்.

இரும்புக் கடையில் ஒரு கியர்பாக்ஸ் அகப்பட்டது. அதே வகை வண்டி, சில வருஷம் பிந்தியது. நான்கு கியர், காலால் மாற்றுவது. ஒரு வார விடுப்பில் வந்திருந்த மகள் அதைப் பிரித்துப் பார்த்தாள். அவள் இயந்திரப் பொறியாளர்.

"கால் கியர் மிதிச்சதும் நடுவுக்குத் திரும்பிடும்பா. கை கியர் வெச்ச இடத்துல நிக்கணும். உள்ள இருக்கற ஸ்பிரிங்கையும் கொக்கியையும் எடுத்துட்டு, கம்பியை நேரா தண்டுல கோக்கணும்."

"எடுத்துட்டேன். நீ பல் தேய்ச்சிட்டு இருந்தே."

கியருக்குக் கியர் கம்பி நகரும் தூரம் புதுப் பெட்டியில் குறைவு. அதற்குத் தக்கபடி டேங்க் பக்கத்துத் தகட்டில் கம்பி உட்காரும் பழைய பள்ளங்களை அடைத்து, புதிதாக நான்கு பள்ளம் அராவினார். நான்காவதை மட்டும் மூன்று தடவை அளந்தார். பழைய பெட்டியில் மூன்றுதான்.

கம்பியின் அடிப்பக்கத்தில் புதுத் துளை போட லேத்துக்காரரிடம் போனார்கள். அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நேராக்கி, சாண் நீளத்தை வெட்டிரலாம்ணே. உங்க கைக்கு வாகா இருக்கும். ஆளில்லாத பக்கம் எதுக்கு வளைவு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஓடாத லேத்தின் ஸ்விட்சை அணைத்தார். லிஃப்ட்காரர் கம்பியை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு சத்தமும் கொடுக்காமல் கடைப் படியிறங்கினார்.

மகள் அளந்து பார்த்தாள். வளைவை விட்டுவைத்தால் அவர் கைக்கும் குமிழுக்கும் நடுவே பதினெட்டு சென்டிமீட்டர்.

"ஒவ்வொரு கியருக்கும் சாய்ஞ்சு எட்டுவீங்களா? சாலையைப் பார்க்கறது யாரு? வெட்டுங்கப்பா, இல்லேன்னா வண்டி வேண்டாம்."

அவர் இரண்டு நாள் கொட்டகைக்கே இறங்கவில்லை. அவள் ஊருக்குத் திரும்ப ஒரு நாள் இருக்கையில், காலையில் "இறங்குறேன்!" கேட்டது. அவள் போய்ப் பார்த்தபோது கம்பி வைஸ் இடுக்கியில் இறுகி இருந்தது. நடுவில், வளைவு தொடங்கும் இடத்தில், ஆணிக் கீறல்.

"வெட்ட வேண்டாம். இங்க ஒரு கிளை. அதுல எனக்கு ஒரு குமிழ். தாங்குமா, கணக்குப் போட்டுச் சொல்லு."

அவள் கணக்குப் போடவில்லை. "தாங்கும்" என்றாள்.

லேத்துக்காரர் துளையும் போட்டு, கிளையையும் தன் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்தார். சாயங்காலம் வண்டி கிளம்பியது. மகளைப் பின்னிருக்கையில் ஏறச் சொன்னார். சைடுகார் காலி.

"ஒண்ணு!" தெருவே திரும்பிப் பார்த்தது. கிளட்சை மிதித்து, தன் குமிழைத் தள்ளினார். அந்தப் பக்கம், ஆளில்லாத இருக்கைக்கு மேல், மற்றக் குமிழும் கூடவே நகர்ந்தது. "ரெண்டு!" நகர்ந்தது. "மூணு!" நகர்ந்தது.

நீண்ட நேர்ச்சாலை வந்தது. கிளட்சை மிதித்தார். கத்தவில்லை. சைடுகார் பக்கமாகத் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "நாலுன்னு ஒண்ணு புதுசா இருக்கு" என்றார். ஒரு நொடி பொறுத்து, குமிழைத் தள்ளினார்.