தலைவர் முகத்தில் ஒரு முனியாண்டி

சந்தேகம் என் கூடப் பிறந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே "ஒன்றுமில்லை" என்றால்தான் எனக்குப் பயம் பிடிக்கும். போதாக்குறைக்கு, கண்டியில் உயர்தர வகுப்புக்கு உரோம வரலாறு படிப்பிப்பது என் தொழில். தங்களைக் கடவுளாக்கிக்கொண்ட பேரரசர்களோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியதால், மேடையில் மாலை வாங்குகிற எவரைக் கண்டாலும் எனக்கு முகம் சுளிக்கும்.

ஒரு சனிக்கிழமை, குண்டசாலையில் உள்ள என் வீட்டிலிருந்து மடுல்கெல்லப் பக்கம் அப்பாவைப் பார்க்கப் போனேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், அப்போதும் தோட்டம் கொடுத்த வரிசை அறைகளில் ஒன்றான லயத்துக் காம்பராவில்தான் இருந்தார். லயத்து ஆட்களுக்குக் காணியோடு தனி வீடு தருவதாக எங்கள் தலைவர் தேர்தல் மேடையில் சொல்லியிருந்தார். சொந்தக் கூரைக்குக் கீழேதான் சாவேன் என்று அப்பா காத்திருந்தார். என்னோடு வரச் சொன்னால், காம்பராவை விட்டுப் போனவனுக்கு வீடு கிடையாது என்று சொல்லிவிடுவார்கள் என்பார்.

தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே, திறந்த வெளியில், புது முனியாண்டி அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கோ இடித்தது. கோரைப் பல்லைக் காணோம். முனியாண்டிக்கு இரட்டை நாடி எப்போது வந்தது? கன்னத்தில் மரு எப்போது வந்தது? சாட்சாத் எங்கள் தலைவர்.

வர்ணம் குழைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துச் சிற்பியிடம் கேட்டேன்.

"ஓம் சேர், தலைவரின்ர படம் தந்தவை. அதைப் பாத்துத்தான் செய்தனான்."

"யாரு தந்தது?"

"கோயில் ஆக்கள்தான்."

நான் நம்பவில்லை. கடவுள் சிலைகளின் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைக்கச் சொன்ன பேரரசனைப் பற்றி அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். தலைவரின் ஆட்கள் வந்து கோயில்காரர்களை மிரட்டியிருப்பார்கள் என்று கதையை நானே கட்டி முடித்துவிட்டு, காம்பராவுக்குப் போய் அப்பாவைப் பிடித்தேன்.

"சாமிக்கு அந்தாளு மூஞ்சிய வைக்கச் சொன்னது யாருப்பா? அவரோட ஆளுங்களா?"

"அவங்க எங்க இந்தப் பக்கம் வந்தாங்க? நாந்தான் கோயில் ஆளுங்ககிட்ட சொன்னேன்."

"எதுக்கு?"

"அவரு வாசல்ல போய் நின்னு பாத்தாச்சு. பாக்க விடல. தன்னோட மூஞ்சியப் பாக்கவாவது இங்க வருவாருல்ல. வர்றப்ப வீட்டக் கேட்டுருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உரோமுக்குத் தொலைவில் இருந்த ஊர்களும் பேரரசனுக்குக் கோயில் கட்ட அனுமதி கேட்டுத் தாங்களாகவே ஆள் அனுப்பின. அதை நான் எப்போதும் 'முகத்துதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அப்படிக் கேட்டவற்றில் நிலநடுக்கத்தில் இடிந்த ஊர்களும் உண்டு, அவற்றுக்கு வரி குறைய வேண்டியிருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கும்பாபிஷேகத்துக்குத் தலைவர் வந்தார். சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கொஞ்சமாவது கூச்சப்படுவாரா என்று பார்த்தேன். கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஐயா, அந்த வீடு..." என்றார்.

"பாப்போம் பெரியவரே" என்று சொல்லிவிட்டு, சிலையோடு படம் எடுக்கச் சொல்லி நின்றார். பிறகு வாகனத்தில் ஏறிப் போனார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். தோட்டத்து இளைஞர்கள் அந்த முகத்தை உடைக்கக் கிளம்பினார்கள். அப்பாதான் குறுக்கே நின்றார். கண் திறந்து பூசை வைத்தாயிற்று, இனி அது சாமி என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டேன்.

"வீடுதான்."

"அந்த மூஞ்சிகிட்டயா?"

"அந்தாளச் சுத்தி எப்பவும் பத்துப் பேரு நிப்பாங்க தம்பி. இங்க யாரும் தடுக்கிறதில்ல."

வீடு வரவில்லை. அப்பா அந்தக் காம்பராவிலேயே இறந்துபோனார். அவரைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு வந்தபோது, நான்கு பேர் முன்னால் ஓடி முனியாண்டியின் முகத்தை வேட்டியால் மறைத்துப் பிடித்தார்கள். சாமி சாவைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். வேட்டியை எடுங்கள், பார்க்கட்டும் என்றேன். யாரும் எடுக்கவில்லை.