அரிசிக்குள் இருந்த சான்றிதழ்

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. குறுக்கே கிடக்கும் மூங்கில்தான் எல்லை; அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம். நான் மலேயாவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போகவேண்டியவன். விசாவைக் கொழும்பில் நேரில் வாங்கவேண்டும். அசல் பட்டச் சான்றிதழ் இல்லாமல் தரமாட்டார்கள்.

காவலர் என் தகர டப்பாவைக் குலுக்குகிறார்.

"அரிசியா கடத்துதீரு, சாரே?"

"பொஞ்சாதி வச்சது. கடல் ஈரம் படாம இருக்க சர்ட்டிபிகேட்டை அரிசிக்குள்ள பொதச்சிருக்கா."

"வெதச்சா மொளைக்குமோ?"

சிரித்துக்கொண்டே கையை விட்டு அதை உருவுகிறார். எல்லார் வேட்டியையும் சோதித்துக்கொண்டிருந்த கணவாய்க் காற்று, சான்றிதழைப் பிடுங்கி மூங்கிலைத் தாண்டிப் பறக்கிறது. ஓடுகிறேன். காவலரின் தடி குறுக்கே வருகிறது.

"சோதனை முடியாம அங்க காலு வைக்கப்பிடாது!"

அந்தப் பக்கம் நுங்கு விற்கும் பெண், கோழிக்குஞ்சை அமுக்குவதுபோல ஓலைக்கூடையைக் கவிழ்த்து அதை மூடுகிறாள்.

"அய்யா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு!"

"அப்ப இங்கிலீஷ்லயே கேளும், தாரேன்."

பஸ் ஜன்னலெல்லாம் முகங்கள். வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, மிக மரியாதையாகக் கேட்கிறேன். அவள் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்கிறாள்.

காவலர் மூங்கிலைத் தூக்குகிறார். அவள் சான்றிதழை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு கூடையைத் தூக்குகிறாள்.